இரத்த அழுத்தத்தைப் பார்க்கும்போதே மதுவைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம், இங்கே சிங்கப்பூரில் ஆண்டுதோறும் செய்துகொள்ளும் உடல்நலச் சோதனைக்காக, நான் பதிவு செய்துள்ள குடும்ப மருத்துவரிடம் சென்றிருந்தேன். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் இரத்தம் எடுத்தார்கள். வீட்டிலேயே செய்துகொள்ள மலப் பரிசோதனைப் பெட்டியைக் கொடுத்தார்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா, மார்பகப் படம் எடுத்து எத்தனை ஆண்டுகள் ஆயின, வாரத்தில் எத்தனை நிமிடம் நடக்கிறேன் என்றெல்லாம் பொறுமையாக விசாரித்தார்கள். புகைப்பழக்கம் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்த அந்தச் சந்திப்பில், நான் மது அருந்துவேனா, தூக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறேனா என்ற இரண்டை மட்டும் எவரும் கேட்கவில்லை. சேலை கட்டிய, அறுபது வயதைக் கடந்த தமிழ்ப் பெண்மணியிடம் அப்படிக் கேட்பது மரியாதையாகாது என்று அந்த இளம் தாதி எண்ணியிருக்கலாம். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. 34 ஆண்டுகள் தாதியாக வேலை செய்த நானே அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்காமல் விட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய ஒருவரிடம் கேட்காமல் விட்டதன் விளைவை என் குடும்பத்திலேயே பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் அண்ணன் கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இரத்த அழுத்தத்துக்காகவும் நீரிழிவுக்காகவும் 11 ஆண்டுகள் ஒரே மருந்தகத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போய்வந்தார். அழுத்தம் குறையவில்லை என்று மாத்திரையை இருமுறை கூட்டினார்கள். கல்லீரல் சோதனையில் அளவு சற்றே உயர்ந்திருந்தபோது, கொழுப்பு படிந்திருக்கிறது, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள் என்றார்கள். நாள்தோறும் இரவு உணவுக்கு முன் அவர் பிராந்தி அருந்துவது அண்ணிக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் யாரையும் அடித்ததில்லை, வேலைக்கு ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை, ஆகவே அதை நாங்கள் எவரும் ஒரு நோயாக எண்ணவில்லை. மது இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதும், நீரிழிவு மருந்துகளோடு சேரும்போது தீங்கு செய்யக்கூடும் என்பதும் ஒவ்வொரு மருத்துவருக்கும் தெரிந்தவைதாம். ஆனாலும் அந்த மருந்தகத்தில் அவருடைய கோப்பில் மதுவைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் இரவில் அவருக்கு உடல் நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. படுக்கை விரிப்பில் எறும்புகள் ஊர்வதாகச் சொல்லி அவற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே, எப்போதோ இறந்துபோன தம் பட்டறைத் தோழர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். முதியவர்களுக்கு அறுவைக்குப்பின் வரும் வழக்கமான குழப்பம் என்றே முதலில் கருதப்பட்டது. நீண்ட காலம் அன்றாடம் அருந்தியவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களில் உயிருக்கே ஆபத்தான இந்த நிலை வரலாம் என்பது எனக்குப் பாடமாகவே தெரியும். பிறருக்குக் கற்றும் கொடுத்திருக்கிறேன். இருந்தும் அறுவைக்கு முன் நிரப்பிய படிவத்தில் மதுப்பழக்கம் என்ற இடத்தில் என் அண்ணன் மகன் "எப்போதாவது" என்று எழுதியபோது நான் அருகில்தான் நின்றேன், திருத்தவில்லை. அன்றிரவு ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். வைட்டமின் பி1 ஊசியும் உரிய மருந்தும் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். தெளிந்த பிறகு அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "யாரும் கேக்கலையேம்மா. சுகர் எவ்வளவுன்னு கேட்டாங்க, சொன்னேன். மாத்திரை ஒழுங்கா போடுறீங்களான்னு கேட்டாங்க, சொன்னேன். இதையும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் சோதித்து உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் முதல் மூன்றை மட்டும் கேட்டாலே முதற்கட்டச் சல்லடையாகப் போதும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை அருந்துகிறீர்கள், அருந்தும் நாளில் எவ்வளவு, ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ (ஓர் அளவு எவ்வளவு என்பதைக் கீழே சொல்கிறேன்) அருந்துவது எத்தனை முறை. இரத்த அழுத்தப் பட்டை கையை இறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே மூன்றும் முடிந்துவிடும். பத்துக் கேள்விகளுக்கும் சேர்த்து உச்ச மதிப்பெண் 40. எட்டைத் தொட்டால் எளிய அறிவுரை, பதினாறைத் தொட்டால் சற்று நீண்ட ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும், இருபதைத் தொட்டால் சிறப்புச் சிகிச்சைக்கு அனுப்புதல் என்று அந்நிறுவனத்தின் கையேடு வழிகாட்டுகிறது. புகையிலையையும் பிற போதைப்பொருள்களையும் சேர்த்துக் கேட்க 'அசிஸ்ட்' என்ற இன்னொரு வினாத்தொகுப்பும் உண்டு.

இப்படிக் கேட்டுவிட்டு ஐந்து பத்து நிமிடம் பேசுவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று சிலர் ஐயுறலாம். நியாயமான ஐயம்தான். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, குடும்ப மருந்தகங்களிலும் அவசரப் பிரிவுகளிலும் நடந்த 69 சோதனைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தது. இத்தகைய சுருக்கமான பேச்சைப் பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பிறகு, பெறாதவர்களைவிட வாரத்துக்கு ஏறத்தாழ 20 கிராம் மதுசாரம் குறைவாக அருந்தினார்கள் என்று அது கண்டது. சிங்கப்பூர்க் கணக்கில் அது வாரத்துக்கு இரண்டு அளவு. ஒரு தனிமனிதருக்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். பல ஆயிரம் பேரிடம் நிகழும்போது கல்லீரலிலும் இரத்த அழுத்தத்திலும் சாலை விபத்துகளிலும் அது தெரியும். அதே நேர்மையோடு இதையும் சொல்ல வேண்டும்: மதுவுக்குக் கிடைத்த இந்தப் பலன் பிற போதைப்பொருள்களுக்குக் கிடைக்கவில்லை. 2014இல் அமெரிக்காவில் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், மருந்தகத்தில் நடத்திய சுருக்கமான பேச்சு மட்டும் போதைப்பொருள் புழக்கத்தைக் குறைக்கவில்லை. அத்தகையோருக்குக் கேள்வியைத் தொடர்ந்து முறையான சிகிச்சையும் தேவை. எனவேதான், மதுவிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

கேட்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், தமிழில் கேட்கும்போது நாம் சறுக்கும் இடம் அதுவே. "குடிப்பீங்களா?" என்று தமிழில் கேட்டால் அந்தச் சொல்லிலேயே 'குடிகாரன்' என்ற பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது, யாராக இருந்தாலும் "இல்லை" என்றுதான் முதலில் வாயில் வரும். "வாரத்தில் எத்தனை நாள் பீரோ பிராந்தியோ எடுத்துக்கொள்வீர்கள்?" என்று, அது இயல்பான செய்திபோல் எண்ணிக்கையில் கேட்டால் "ரெண்டு நாள், மூணு நாள்" என்று விடையும் எண்ணிக்கையில் வரும். "எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான் இது" என்ற ஒரே வாக்கியத்தை முன்னால் சேர்த்தால், முகம் இறுகியவர்கள்கூட இளகுவதைக் கண்டிருக்கிறேன். உறவினரை வெளியே அமரச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். கணவரிடம் கேட்டால் மனைவி விடை சொல்வதும், ஆங்கிலம் தெரியாத தாயிடம் கேட்டால் மகன் மொழிபெயர்ப்பதும் நம் மருந்தகங்களில் அன்றாடம் நடப்பவை. தாய் தனியே அருந்துகிறார் என்பது மகன் வழியாக ஒருபோதும் வெளிவராது. நம் சமூகத்தில் பெண்கள் அருந்துவதில்லை என்ற நம்பிக்கையில் யாராவது இருந்தால், வார்டுகளில் இரவுப்பணி பார்த்த தாதிகளிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். இங்கே ஓர் அளவு மது என்பது 10 கிராம் மதுசாரம். ஆண்கள் நாளொன்றுக்கு இரண்டு அளவையும் பெண்கள் ஓர் அளவையும் தாண்ட வேண்டாம் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அறிவுரை. 5 விழுக்காடு மதுசாரம் உள்ள 330 மில்லிலிட்டர் பீர் டின் ஒன்றே 13 கிராம் ஆகிவிடும். தேக்காவில் பலர் வாங்கும் 8 விழுக்காட்டுப் பெரிய டின், 500 மில்லிலிட்டர், மூன்று அளவுக்குச் சற்று மேல். ஊர்க்கணக்கில் 'குவார்ட்டர்' என்கிற 180 மில்லிலிட்டர் பிராந்தி ஆறு அளவு. "ரெண்டு கிளாஸ்தான்" என்று என் அண்ணன் சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது. அந்தக் கிளாஸ் எவ்வளவு பெரியது என்பதை யாராவது அவரோடு சேர்ந்து கணக்கிட்டிருக்க வேண்டும். ஆகவே தாதியின் மேசையில் டின், போத்தல், கிளாஸ் படங்களோடு ஓர் அட்டை இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் புதிய அமைப்பு ஒன்றை உருவாக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டோர் பதிவு செய்து, தமக்கென ஒரு குடும்ப மருத்துவரையும் சுகாதாரத் திட்டத்தையும் பெற்றிருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான தேசிய மனநல உத்தி, 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் மேலும் 900 தனியார் மருந்தகங்களிலும் மனநலச் சேவையைக் கொண்டுவர வழிசெய்கிறது. இந்த இரண்டு தண்டவாளங்களும் ஏற்கெனவே போடப்பட்டிருக்கின்றன. மனச்சோர்வைப் பற்றிக் கேட்கும் மருத்துவர் அதே மூச்சில் மதுவைப் பற்றியும் தூக்க மாத்திரையைப் பற்றியும் கேட்க வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இவை ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. மனநலக் கழகம் 2016இல் நடத்திய நாடளாவிய ஆய்வில், வாழ்நாளில் மதுவைத் தவறாகப் பயன்படுத்தும் கோளாறுக்கு ஆளானவர்கள் 4.1 விழுக்காட்டினர், 2010இல் அது 3.1 விழுக்காடாக இருந்தது. நூற்றில் நால்வர் என்றால், ஒவ்வொரு மருந்தகத்திலும் நாள்தோறும் ஒருவராவது காத்திருப்பு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்று பொருள்.

ஆனால் 'ஹெல்தியர் எஸ்ஜி' 40 வயதில் தொடங்குகிறது. போதைப்பொருளை வாழ்நாளில் ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் அதை முதன்முதலில் தொட்ட சராசரி வயது 15.9 என்று மனநலக் கழகத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. புதிதாகப் பிடிபடும் போதைப்புழங்கிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் 30 வயதுக்குட்பட்டவர்கள் என்று மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. பதினாறுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட அந்த 24 ஆண்டுகளில் ஓர் இளையர் மருத்துவரைப் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் காய்ச்சலுக்கும் விடுப்புச் சான்றிதழுக்கும்தான். திங்கட்கிழமைகளில் அடிக்கடி விடுப்புக் கேட்டு வருபவர், பல்கலைக்கழக மருந்தகத்தில் தூக்கம் வரவில்லை என்று சொல்பவர், முதல் பிள்ளையைச் சுமந்து மகப்பேற்று மருந்தகத்துக்கு வருபவர் ஆகியோரிடம் கேட்காமல் எவரிடம் கேட்கப்போகிறோம்? கருவுற்றிருக்கும்போது பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்பதால், அங்கே இந்தக் கேள்வி தயக்கமே இல்லாமல் வர வேண்டும்.

இனி, பேசுவதற்குக் கடினமான பகுதி. நம் நாட்டில் ஒரு மருத்துவர், தம்மிடம் வந்தவர் போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று கருதினாலோ சந்தேகித்தாலோ, 7 நாள்களுக்குள் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. போதைப்பொருளுக்கு எதிரான நம் சட்டங்களின் கடுமையை நான் குறைகூறவில்லை. அவற்றால் பிழைத்த குடும்பங்களை நான் அறிவேன். ஆயினும், மருந்தகத்தில் ஒரு கேள்வியைக் கேட்கிறோம் என்றால், அதற்கு விடை சொன்னபின் என்ன நடக்கும் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கேட்பது ஏமாற்றாகும். சொல்லிவிட்டுக் கேட்டால் பலர் வாய் திறக்க மாட்டார்கள். இந்த முடிச்சை மருந்தகத்தின் தாதி அவிழ்க்க முடியாது. தாமாக முன்வருபவருக்கு எத்தகைய வழி காத்திருக்கிறது, எவை அவர்மீது பதிவாகும், எவை ஆகா என்பதைச் சுகாதார அமைச்சும் உள்துறை அமைச்சும் சேர்ந்து, நான்கு மொழிகளிலும் ஒரே பக்கத்தில், எந்தத் தாயும் படித்துப் புரிந்துகொள்ளும்படி வெளியிட வேண்டும்.

இதற்கு அண்மையில் ஒரு முன்னுதாரணம் கிடைத்திருக்கிறது. மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த மின்சிகரெட்டுகள் இளையரிடையே பரவியபோது, பறிமுதல் செய்து சோதித்த 100 கருவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் அது இருந்ததாக 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் கூறினார். செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தண்டனையைக் கடுமையாக்கிய அதே வேளையில், மின்சிகரெட்டைக் கைவிடத் தாமாக உதவி நாடி வருவோருக்குத் தண்டனை இல்லை என்றும் அரசாங்கம் அறிவித்தது. கண்டிப்பும் திறந்த கதவும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அந்த அறிவிப்பு காட்டியது. என் அண்டை வீட்டுக்காரர் அதைக் கேட்டபிறகுதான் தம் மகனை அழைத்துக்கொண்டு போனார்.

குடும்ப மருத்துவர்களின் தயக்கத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஹெராயின் பழக்கத்துக்கு மாற்றுச் சிகிச்சையாகத் தனியார் மருந்தகங்களில் கொடுக்கப்பட்ட சபுடெக்ஸ், ஊசிவழி தவறாகப் பயன்படுத்தப்பட்டு, 2006 ஆகஸ்டில் தடைசெய்யப்பட்ட போதைப்பொருளாயிற்று. அடிமைப்பழக்கம் என்றாலே நமக்கேன் வம்பு என்று மருத்துவர்கள் பலர் ஒதுங்கியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மது விஷயத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் போதை தருபவை அல்ல. ஆனால் மருத்துவருக்குப் பயிற்சியும், அந்த ஐந்து பத்து நிமிடத்துக்கு உரிய கட்டணமும் வேண்டும். காத்திருப்போர் வரிசை வாசல்வரை நிற்கும்போது, கட்டணம் இல்லாத கேள்வி கடைசியில்தான் வரும், அல்லது வரவே வராது.

கேள்விக்குப் பிறகு ஒரு வழி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மனநலக் கழகத்தின் அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு, 1972 முதல் இயங்கும் சானா எனப்படும் சிங்கப்பூர்ப் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம், வி கேர் சமூகச் சேவை நிலையம், இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் மறுவாழ்வு இல்லம் என்று நல்ல இடங்கள் உள்ளன. ஆனால் இவற்றில் சிலவற்றை மக்கள் சென்றடைவது வேலை போன பிறகு, மனைவி போன பிறகு, சிறைக்குப் போய்வந்த பிறகு. தொலைபேசி எண் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது பெரும்பாலும் சட்டைப்பையிலேயே துவைக்கப்பட்டுவிடும், மருந்தகத்திலிருந்தே அழைத்து, நாளும் நேரமும் குறித்து, ஒரு மாதம் கழித்து "போனீர்களா?" என்று கேட்கும் ஒரு தாதி இருந்தால் நிலைமை வேறாக இருக்கும். நீரிழிவுக் கண் சோதனைக்கு வராதவரை நாம் அப்படித்தானே அழைக்கிறோம்?

வெளிநாட்டு ஊழியர்களையும் மறந்துவிடக் கூடாது. 2022 ஏப்ரலிலிருந்து தங்குவிடுதிவாசிகளுக்கும் கட்டுமான, கப்பல் பட்டறை ஊழியர்களுக்கும் அடிப்படை மருத்துவத் திட்டம் கட்டாயமாக இருக்கிறது. 2013 கலவரத்துக்குப் பிறகு லிட்டில் இந்தியாவில் மது விற்பனைக்கும் பொது இடங்களில் அருந்துவதற்கும் நேரக் கட்டுப்பாடு வந்தது. குடும்பத்தைப் பிரிந்து, கடனைச் சுமந்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்றையே தமக்கென வைத்திருக்கும் ஒருவரிடம், ஏன் அருந்துகிறீர்கள் என்று அமர்ந்து கேட்பவர் அதன் பிறகும் குறைவுதான். தாம் சொல்வது முதலாளியின் காதுக்குப் போகாது என்ற உறுதி அவருக்குக் கிடைக்க வேண்டும். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டை வேலைக்கோ காப்புறுதிக்கோ ஒருவரை மதிப்பிடப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இருப்பது நம்மில் பலருக்கே தெரியாது. அதைத் தமிழில், அவர்கள் அமரும் காத்திருப்புக் கூடத்தின் சுவரில் ஒட்டலாம்.

சுகாதார அமைச்சுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. 'ஹெல்தியர் எஸ்ஜி' ஆண்டுச் சந்திப்பின் படிவத்தில் அந்த மூன்று கேள்விகளையும், தூக்க மாத்திரை பற்றி நான்காவதாக ஒன்றையும், விடுபட முடியாத கட்டங்களாகச் சேருங்கள். தமிழ் வடிவத்தை அலுவலகத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிடாமல், தேக்காவிலும் துவாஸ் விடுதிகளிலும் யீஷூன் அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் உள்ளவர்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துத் திருத்திய பிறகு அச்சிடுங்கள். அப்படி ஒரு முயற்சி தொடங்கினால் வாரத்தில் மூன்று நாள் வந்து அமர்ந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற, தமிழ் பேசும் தாதிகள் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
யீஷூன்